அந்த டிடெக்டரை விற்றுவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது, ஒரே இடத்தில் காயிலை (தண்டின் நுனியில் இருக்கும் கம்பிச்சுருள் தட்டை) இரண்டு முறை ஓட்டினால் திரையில் இரண்டு விதமான எண் காட்டுகிறது, காசு என்று நம்பித் தோண்டினால் துருப்பிடித்த ஆணி வருகிறது, பேசாமல் விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ எழுதியதைப் பார்த்தால் கருவியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் சுபாவம் உனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கத்தலைப் பார்ப்போம். காயிலுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது காசின் மேல் பட்டதும் காசுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அதிலிருந்து எழும் மிக மெல்லிய புலத்தைத்தான் அதே தட்டுக்குள் இருக்கும் இன்னொரு சுருள் பிடிக்கிறது. அவ்வளவு மெல்லியதைப் பிடிக்கும் கருவி பக்கத்து மின்கம்பியையும் சட்டைப்பையில் இருக்கும் செல்போனையும் சேர்த்தே பிடிக்கும். எனவே காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடித்துப் பார். அப்போதும் கத்தினால் காரணம் மண்ணில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது. அலைவரிசையை மாற்று, அல்லது சென்சிடிவிட்டியை, அதாவது எவ்வளவு மெல்லிய சிக்னலுக்கும் கத்தலாம் என்ற அளவை, குறை. தூக்கியதும் அடங்கி, தரையருகே கொண்டுபோனதும் மறுபடி ஆரம்பித்தால் மண்ணில் இரும்புத் தாது அதிகம். உலோகம் இல்லாத ஓர் இடத்தில் காயிலை மேலும் கீழும் அசைத்து கிரவுண்ட் பேலன்ஸ் செய், அதாவது மண்ணின் தாதுவைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிப்படுத்து. இடம் மாறினாலும், மழை பெய்து மண் நனைந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். காயிலின் அடி மூடிக்குள் மண் புகுந்திருந்தாலும், கேபிள் தண்டில் இறுக்கமாகச் சுற்றாமல் ஆடிக்கொண்டிருந்தாலும்கூடப் பொய்ச் சத்தம் வரும், அதையும் பார்த்துவிடு.

சென்சிடிவிட்டியைக் குறைத்தால் ஆழம் போய்விடுமே என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் போகும்தான். ஆனால் விடாமல் கத்தும் கருவியில் ஆழத்துக் காசின் மெல்லிய ஓசை உன் காதில் விழவே விழாது. அமைதியாக ஓடும் அளவுக்குக் குறைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு நட.

அப்புறம் அந்த எண். எந்த உலோகம் என்பதைக் கருவி நேரடியாக அறிவதில்லை. திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு தாமதமாகிறது என்று அளந்து, அதை ஓர் எண்ணாகக் காட்டுகிறது. உலோகத்தின் மின்கடத்தும் திறனோடு பொருளின் அளவும் பருமனும் அந்தத் தாமதத்தைத் தீர்மானிக்கின்றன. நல்ல கனமுள்ள வெள்ளிக் காசும் செம்புக் காசும் எண் வரிசையில் மேலே நிற்கும். நிக்கல் காசும் மெல்லிய தங்க மோதிரமும் கீழே, அலுமினியத் தாளும் குளிர்பான டப்பாவின் திறப்பு வளையமும் விழும் அதே இடத்தில் விழும். குப்பை வேண்டாம் என்று டிஸ்க்ரிமினேஷனை (கீழ் எண்களுக்குக் கத்தாமல் வடிகட்டும் வசதியை) ஏற்றினால் மோதிரமும் கூடவே போய்விடும். ஆழம் கூடக் கூட எண் தடுமாறும். காசு படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக நின்றாலும் தடுமாறும். என்னைக் கேட்டால், பழகும் காலத்தில் திரையைப் பார்ப்பதையே குறைத்துக்கொள்ளலாம். காதுதான் முக்கியம்.

இரும்பு விஷயத்தில்தான் உன் பொறுமை கரைகிறது என்று நினைக்கிறேன். ஆணிக்குப் பக்கத்தில் ஒரு காசு கிடந்தால் எப்படிக் கேட்கும் தெரியுமா? ஒரு பக்கமாக ஓட்டும்போது அடித்தொண்டைச் சத்தம், அதன் ஓரத்தில் பாதியில் அறுந்த ஒரு கீச்சொலி. அதோடு விட்டுவிடாதே. அதே இடத்தைச் சுற்றி நடந்து, முந்தைய திசைக்குக் குறுக்காகக் காயிலை ஓட்டு. காசு என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் அந்தக் கீச்சொலி உருண்டு முழுசாகும், திரும்பத் திரும்ப ஒரே புள்ளியில் வரும். வளைந்த ஆணியும் சோடா மூடியும் வெள்ளிக் காசு மாதிரியே உச்சத்தில் கத்தி ஏமாற்றும். ஆனால் நீ சுற்றி வரும்போது பெரும்பாலும் சத்தம் உடைந்துவிடும், பின்பாயிண்ட் செய்தால் (பொருள் கிடக்கும் சரியான புள்ளியைத் தேடினால்) மையம் கொஞ்சம் தள்ளிக் காட்டும். ஆணி வந்த குழியை மூடும் முன் அதற்குள் மறுபடி ஒரு முறை ஓட்டிப் பார். இரும்பு மறைத்து வைத்திருந்த காசு, இரும்பு போன பிறகுதான் பேசும்.

இரும்பு மறைக்கும் இந்தத் தொல்லை கருவி பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இதே மாதிரி ஒரு கருவியைச் செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கைக்குள் இருந்த இரும்புச் சுருள்களும், மருத்துவர் ஒரு பக்கத்தை மட்டுமே தேடவிட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கருவியிடம் என்ன கேட்கிறோம், சுற்றி என்ன இருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

சரி, பழகுவது எப்படி? தரையில் உனக்குத் தெரிந்த ஒரு காசை வை. காயிலை முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக ஓட்டு. சில கருவிகளுக்கு நிதானம் பிடிக்கும், சில வேகத்தில்தான் தெளிவாகப் பேசும். உன்னுடையது எந்த ரகம் என்பது அரைமணியில் தெரிந்துவிடும். பிறகு ஓர் ஆணியைக் காசுக்குப் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு இடைவெளியிலும் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேள். களத்தில் எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு, தோண்டுவதற்கு முன்னால் இது என்னவாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல். ஆணி என்று சொல்லி ஆணியே வந்தால் அதுவும் பாடம் படித்த மாதிரிதான்.

நிலத்துக்காரரின் அனுமதியும், உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரியாமல் எங்கும் இறங்காதே. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கமே போகாதே. ஒரே இடத்தில் பல காசுகளோ பானை ஓடுகளோ தென்பட்டால் அதோடு தோண்டுவதை நிறுத்தி, உரிய அதிகாரிகளுக்குச் சொல்லிவிடு. எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் ஒரு முறை கலைந்தால் திரும்ப வராது. மற்றபடி தோண்டிய குழியை மூடி, புல்லை அதே இடத்தில் பதித்துவிட்டு வா.

காசு கிடைத்தால் தேய்க்கவே தேய்க்காதே. செம்பின் மேல் ஏறிய பச்சைக் களிம்புக்கு அடியில்தான் எழுத்து இருக்கும், பளபளப்பாக்கப் போனால் அதுவும் சேர்ந்து உரிந்துவிடும். மண்ணோடு அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பு, இரண்டு பக்கமும்.

அன்புடன்,
அண்ணன்