முதல் 3 பேருக்கு மட்டும்தான் ஊக்கத்தொகையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் 16 வருடம் டீம் லீடராக இருந்தவன் நான். சேல்ஸ் வேலையில் வைக்கும் இன்சென்டிவ் போட்டிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஒரு தீபாவளி சீசனில், முதல் 3 இடம் பிடிப்பவர்களுக்குப் பெரிய தொகை, மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்று அறிவித்தார்கள். என் டீமில் 14 பேர். காலை மீட்டிங்கில் "அந்த 3 பேர் யாருப்பா?" என்று கேட்டேன், 11 பேர் கை தூக்கினார்கள். யாரும் விளையாட்டுக்குத் தூக்கவில்லை. அதில் ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து 4 மாதம்தான் ஆகியிருந்தது, வரப்போகிற பணத்தை நம்பி அன்று சாயங்காலமே தவணையில் புது போன் வாங்கிவிட்டான். சீசன் முடிந்தபோது அவன் 9-வது இடம். அலைந்த பெட்ரோலுக்குக்கூட கைக்காசுதான் போனது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 1981-ல் வெளிவந்த, ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சனின் ஆய்வில், அவர் விசாரித்த அமெரிக்க ஓட்டுநர்களில் 93 சதவீதம் பேர் தங்களைப் பாதிப்பேருக்கு மேலான திறமைசாலிகள் என்றே சொல்லியிருக்கிறார்கள். மனுஷ மனசு அப்படி. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் 3 பேருக்குக் கொடுக்கிற காசில் 14 பேரின் ராத்திரி பகல் உழைப்பையும் வாங்குகிறார்கள், இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், டீமே உடைந்துபோகிறது. பழைய ஆட்கள் புதுப் பையன்களுக்குக் கடன் ஃபைல் போடச் சொல்லித் தருவதை நிறுத்திவிட்டார்கள். ஷோரூமில் ஒருவர் லீவு போட்டால், அவரைத் தேடி வந்த கஸ்டமரின் நம்பரை இன்னொருவர் எழுதிவைத்துக்கொள்வார், சொல்லவே மாட்டார். ஊழியர்களை ஒருவருக்கு எதிராக ஒருவரை வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டது. நம் ஊர் கிளை அலுவலகங்களில் போர்டில் இன்னும் ரேங்க் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டக்கூடிய ஓர் அளவு வைத்து, அதைத் தொட்ட எல்லோருக்கும் பணம் கொடுங்கள், 14 பேரும் தொட்டால் 14 பேருக்கும். முதல் பரிசு என்று தனியாக வைத்தே ஆக வேண்டுமென்றால் சரி, போன வருடம் ஜெயித்தவர் எத்தனை பேருக்குக் கடன் போட்டு முடித்தார், நடுவில் இருந்தவர் எத்தனை முடித்தார் என்ற கணக்கை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பையன்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

– ஒரு முன்னாள் டீம் லீடர், ஈரோடு