அந்தக் குப்பியைத் திறப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதற்றத்தில் ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்துதான் வைத்துவிட்டேன்.

தோழி கொடுத்த கஞ்சா எண்ணெய் வலிப்புக்கு நல்லதாம், அதை எடுத்துக்கொண்டு மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறேன் என்றாய். கஞ்சா என்ற பெயரைக் கேட்டு அம்மா மிரண்டுவிட்டாள் என்று நினைக்காதே. அதில் மருந்து இருப்பது எனக்கும் தெரியும். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள்; வலிப்புக்கு நல்லது என்று நீ சொல்லும் சிபிடி அதிலுள்ள வேறொரு பொருள். சுத்தமான சிபிடியில் செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற, சிறு வயதிலேயே தொடங்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கொடுக்கலாம் என்று 2018இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதற்காக எவ்வளவு ஏங்கியிருப்பார்கள் என்று எனக்குப் புரியாதா?

ஆனால் கண்ணு, பழைய மாத்திரைகளுக்குப் பதிலாக அதைக் கொடுக்கவில்லை. அவற்றோடு சேர்த்துத்தான் கொடுத்துச் சோதித்தார்கள். உடல் எடையைப் பார்த்துத்தான் அளவு. தொடங்கும் முன் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, அப்புறம் ஒன்றாம் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மறுபடியும். உனக்கு இருப்பது அந்த இரண்டு நோயுமில்லை.

நீ சாப்பிடும் மாத்திரைகளை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். அவற்றில் ஒன்றான குளோபசாம் உடம்பில் இன்னொரு பொருளாக மாறுகிறது, அதுவும் மருந்தாகவே வேலை செய்யும். அதைக் கரைத்து அனுப்பும் நொதியை சிபிடி தடுத்துவிடுவதால் அது ரத்தத்தில் மடங்கு மடங்காக ஏறும். மாத்திரையின் அளவு மாறியிருக்காது, உனக்கோ நிற்க முடியாத தூக்கமும் தள்ளாட்டமும் வரும். உன் இன்னொரு மாத்திரையான வால்ப்ரோயேட்டோடு சிபிடி சேர்ந்தால் கல்லீரலுக்கும் கேடு வரலாம். இதையெல்லாம் குப்பி விற்பவர் உன்னிடம் கேட்கமாட்டார். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கே உறுதி கிடையாது. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்த முடிவு 2017இல் வெளிவந்தது. லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26இல் மட்டும். 18இல் டிஎச்சியும் இருந்தது.

உனக்கு நான் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வருஷமாக வலிப்பே வரவில்லை. பள்ளியில் தூங்கி வழிகிறாயே என்ற வருத்தத்தில், யாரையும் கேட்காமல் நானே மாத்திரையைப் பாதியாக்கினேன். ஐந்தாம் நாள் காலை குளியலறைத் தரையில் நீ கிடந்தாய். இன்றும் அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அன்று மருத்துவர் திட்டவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். பாசத்தில்தான் செய்தேன். வலிப்பு அதையெல்லாம் பார்க்காது.

சிபிடியே வேண்டாம் என்று உன்னைத் தடுக்கவில்லை. மாத்திரைகள் உன்னை எவ்வளவு சோர்வாக்குகின்றன என்று நீ சொன்னபோது என் மனசும் வலித்தது. அந்தச் சோர்வை அப்படியே உன் நரம்பியல் மருத்துவரிடம் சொல். குப்பியையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டு. ஏற்கெனவே ஒரு சொட்டு எடுத்திருந்தாலும் மறைக்காதே. எனக்கு சிபிடி பொருந்துமா, பொருந்தினால் எந்த அளவு, குளோபசாமைக் குறைக்க வேண்டுமா என்று நேராகவே கேள். அவர் காதுகொடுத்துக் கேட்காவிட்டால் வலிப்பு நோய்க்கென்றே இருக்கும் இன்னொரு நிபுணரைத் தேடுவோம். அதுவரை மாத்திரையை ஒரு வேளைகூடக் குறைக்காதே, நிறுத்தாதே.

மருத்துவரைப் பார்க்கும் நாளைச் சொல். நானும் வருகிறேன். நீ வேண்டாம் என்றால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா