பூச்சு வேலைக்கு முன்னால்

குன்னூர்,
தை 5

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கான்கிரீட் போட்டாச்சு, அடுத்து பூச்சு வேலை என்று எழுதியிருந்தாய். ரிட்டயர் ஆன பிறகு திருச்சியில் வீடு கட்டத் துணிந்தவன் நம் செட்டில் நீ ஒருவன்தான். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி ஏறி மேஸ்திரியோடு சண்டை போடாதே. இங்கே ஜானகிக்குக் குளிர் ஒத்துக்கொண்டுவிட்டது. எனக்குத்தான் காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

டேங்க் இல்லாத ஹீட்டர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வை. ஆனால் பூச்சு பூசுவதற்குள் சில வேலைகள் முடிய வேண்டும், அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம்.

ஹாஸ்டல் செம்பு பாய்லர் நினைவிருக்கிறதா? நடுக்குழாயில் கரி. மேலே ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் கீழே ஒரு வாளி வெந்நீர் வரும். நீ ஏழரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் கரி சாம்பலாகியிருக்கும். டேங்க் கீசரும் கிட்டத்தட்ட அதேதான். முன்னால் போனவர்கள் காலி பண்ணிவிட்டால், பின்னால் போகிறவன் காத்திருக்க வேண்டும். டேங்க் இல்லாததில் கடைசி ஆள் என்று ஒருவன் கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும்போதே சூடாகும், மூடினால் நின்றுவிடும். உன்னைப் போல நேரம் கெட்ட நேரத்தில் குளிக்கிறவனுக்கு அதுதான் பெரிய வசதி.

கரண்ட் பாதியாகக் குறையும் என்று கடையில் சொல்வார்கள். நம்பாதே. ஒரு வாளி தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எதில் சூடாக்கினாலும் வேண்டும். திருச்சியில் மார்கழியில்கூடத் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள். 15 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய கால் யூனிட் போதும். அதுவே 25 லிட்டர் டேங்கை 60 டிகிரிக்கு ஏற்றினால் ஒரு யூனிட் ஆகும். நீ ஒருவன் குளித்துவிட்டு வந்தால், மீதி சூடு டேங்கிலேயே இருந்து மெல்ல ஆறும். டேங்க் இல்லாததில் மிச்சமாவது வீணாகிற அந்தச் சூடுதான். அடுத்தடுத்து நாலு பேர் குளிக்கிற வீட்டில் டேங்க்கும் பெரிய நஷ்டமில்லை. நீங்கள் இரண்டே பேர், அதுவும் ஆளுக்கொரு நேரம். சித்திரையில் உனக்கு ஹீட்டரே வேண்டாம், மொட்டைமாடித் தொட்டியே வெந்நீர் கொடுக்கும்!

நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். சமவெளியில் இருந்தபோது வைத்திருந்த டேங்க் இல்லாத 3 கிலோவாட் கரண்ட் ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து இங்கே மாட்டினேன். அங்கே அஞ்சு நிமிஷத்தில் நிறைந்த வாளி இங்கே ஒன்பது நிமிஷம் ஆயிற்று. குழாயில் நூல் மாதிரி ஒழுகும். கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் வெதுவெதுப்புகூட இருக்காது. ஹீட்டர் மேல் தப்பில்லை. தண்ணீர் 14 டிகிரியில் வந்தால் அதுதான் என்ன செய்யும்? ஆக, உன் ஊருக்கு 3 கிலோவாட் தாராளம், என் ஊருக்குக் கட்டாது.

அப்புறம் கேஸுக்கு மாறினேன். கீசர் என்ற பெயரே முதலில் டேங்க் இல்லாத கேஸ் ஹீட்டருக்குத்தான் வந்தது தெரியுமா? 1868இல் லண்டனில் மாகன் என்ற பெயின்டர் செய்தது. ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். புகை போக மட்டும் வழி வைக்கவில்லை.

நூற்றைம்பது வருஷம் கழித்து என் வீட்டுக்கு மாட்ட வந்த ஆளும் அதையேதான் செய்யப் பார்த்தார். குளியலறைக்குள்ளேயே ஆணி அடிக்கப் போனார். "ஜன்னல் இருக்கே சார்" என்றார். குளிருக்கு அந்த ஜன்னலை யார் திறந்து வைப்பார்கள்? மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசனையில்லை, தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவான். வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். குழாய்க்கு மட்டும் சுவரில் ஓட்டை. இப்போது வாளி மளமளவென்று நிறைகிறது. எங்கள் இருவருக்கும் ஒரு 14.2 கிலோ சிலிண்டர் நாலு மாதத்துக்கு மேல் வருகிறது.

அதிலும் ஒரு கூத்து. தண்ணீர் ஓடியதும் பொறி அடிக்க அதற்குள் இரண்டு பெரிய டார்ச் பேட்டரி இருக்கும். போன வாரம் தலையில் சீயக்காயோடு குழாயைத் திறக்கிறேன், டிக் டிக் என்ற சத்தத்தையே காணோம். வந்ததெல்லாம் பச்சைத் தண்ணீர். அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். ஜானகி இன்னும் சிரிக்கிறாள்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் உருகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இப்போதே பைப் பதித்துவிடு. ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். முக்கால் இஞ்ச் பைப்பை 10 மீட்டர் இழுத்தால், அதில் நிற்கிற இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடு வரும். இரண்டு குளியலறைக்கும் ஒன்றே போதும் என்று பிளம்பர் சொன்னால் தலையாட்டாதே.

போர் தண்ணீர் என்று எழுதியிருந்தாய். வீட்டுக் கெட்டிலின் அடியைப் பார். வெள்ளைப் படிவு கெட்டியாக இருந்தால் ஹீட்டருக்குள்ளும் அது வரும். வருஷத்துக்கு ஒரு முறை ஆள் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இது ஒன்றுதான் எனக்கு உன் விஷயத்தில் கவலை. இங்கே மழைத் தண்ணீர், அந்தத் தொல்லை இல்லை.

கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்ததும் எழுது. அதற்கு முன்னால் ஒரு நடை இங்கே வந்து போ. வரும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கி அந்தப் பெரிய பேட்டரி நாலு வாங்கி வா. இங்கே கடையில் சின்னதுதான் கிடைக்கிறது.

உன்
ராமு