விஜிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அடி விஜி,

திட்ட வேண்டியதையெல்லாம் இதைப் படித்து முடித்தபிறகு திட்டு. ஏப்ரலில் தீமோர் லெஸ்தேக்கு மருத்துவச்சிகளுக்குப் பாடம் எடுக்கப் போனவள் செப்டம்பர் கடைசியிலேயே திரும்பியாச்சு, உன்னைக் கூப்பிடவில்லை, தீபாவளிக்கு நீ மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி நொறுங்கியிருந்தது, உப்பு வழக்கம்போல ஒரு பிடி கூடுதல், ஆனாலும் டின்னைக் காலி பண்ணியது நான்தான். போனில் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் டிவியில் பார்த்திருப்பாய். அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த ஆசியான் கூட்டத்தில் தீமோர் லெஸ்தேயை 11வது நாடாகச் சேர்த்துக்கொண்டார்கள். மேடையில் அந்தக் கொடியைப் பார்த்ததும் கையில் கரண்டியோடு டிவி முன்னால் நின்று அழுதேன். என் மகன் பயந்துபோய், "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறான். அவனுக்கு என்னத்தைச் சொல்ல? உனக்குத்தான் சொல்ல முடியும், இதில் நீயும் இருக்கிறாய். பொறு, வருகிறேன்.

நான் கிளம்பும்போது கேட்டாயே, "அங்கே என்னடி இருக்கு, நம்ம தோட்டத்தையே திரும்பிப் பார்க்கவா போறே?" என்று. உன் வாய் முகூர்த்தம், அப்படியே தோட்டம்தான். பாலி போய், அங்கிருந்து தலைநகர் டிலி, டிலியிலிருந்து மலையேறி எர்மெரா பக்கம். ரப்பர்ப் பால்மரத்துக்குப் பதில் கோப்பி, அதற்குக் குடை பிடித்த மாதிரி உயர உயரமான நிழல் மரங்கள், காலையில் பனி, அடுப்புப் புகை, சேவல், எங்கேயோ ஒரு ரேடியோ. இங்கே எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், அங்கே குடும்பத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பழம் பறிக்கும் மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் கிளினிக் பக்கமே வரமாட்டார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாச்சு என்று நம் அம்மாக்கள் மாசக் கார்டைத் தலையணைக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார்களே, அதேதான்.

பேச்சுக்குப் பெரிய கஷ்டமில்லை. ஊர்மொழி தேத்தும், ஆனால் 1975லிருந்து 1999 வரை இந்தோனேசியா பிடித்து வைத்திருந்த நாடு என்பதால் என் மலாயை வைத்தே ஓட்டிவிட்டேன். ஓட்டினேன் என்றா சொன்னேன்? முதல் வகுப்பில் பொம்மைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு "பூசிங் பண்ணு, பூசிங் பண்ணு" என்கிறேன், எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். நமக்குத் திருப்புவது, அவர்களுக்குத் தலைச்சுற்றல். ஒருத்தி எழுந்து எனக்கு நாற்காலி போட்டாள். அப்புறம், "வேண்டும், தேவை" என்பதற்கு அவர்கள் ஒரு வார்த்தை சொல்கிறார்களே, அது நம் மலாயில் எவ்வளவு கெட்ட வார்த்தை என்று உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை, டாக்டர்கூட, முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல்! பெரிய சிஸ்டர் முன்னால் நீயும் நானும் ஆறாம் நம்பர் கட்டிலைப் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோமே, அந்த நிலைமையில் ஆறு மாதம் இருந்தேன்.

இன்னொன்றும் கேள். வெளிநாட்டுக்காரர் யாராக இருந்தாலும் அங்கே "மலாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் காதுக்கு அப்படித்தான் விழுந்தது. அறுபத்து மூன்று வருசம் இந்த நாட்டில் இருந்து கிடைக்காத பட்டம், டிலி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கிடைத்துவிட்டது போ.

வகுப்பில் 14 பேர், எல்லாரும் ஏற்கெனவே படித்து வேலை பார்க்கும் மருத்துவச்சிகள். நான் எடுத்தது முக்கியமாக ஒரே பாடம், பிள்ளை பிறந்தபிறகு வரும் இரத்தப்போக்கு. டீச்சரே வயிற்றில் கட்டிக்கொள்கிற பொம்மை ஒன்று இருக்கிறது, உள்ளே பை வைத்துச் சிவப்புத் தண்ணீர் ஊற்றி, குழாயைத் திறந்தால் நிஜமாகவே கொட்டும். கொடுத்தனுப்பிய சாயம் இரண்டாவது வாரமே தீர்ந்துவிட்டது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன ரோஸ் சிரப்பைக் கலந்தேன். நிறம் அச்சு அசல். மறுநாள் காலையில் பார்த்தால் பொம்மையின் தொடை முழுக்க எறும்பு. அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை, சிரித்துச் சிரித்து.

ஆனால் அந்தச் சிரப்பில்தான் விஷயமே இருந்தது. 700 மில்லியைத் துணியில் கொட்டி, எவ்வளவு என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 300 என்கிறார்கள். நம் காலத்தில் நாமும் அப்படித்தானே கண்ணால் பார்த்து "கொஞ்சம்தான் சிஸ்டர்" என்று எழுதினோம்? 500 தாண்டினாலே ஆபத்து என்று புத்தகத்தில் இருக்கிறது, 500 எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. 2023ல் ஓர் ஆய்வு வந்தது, கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நான்கிலும் சேர்த்து 80 ஆஸ்பத்திரிகளில். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் போட்டு, அளந்து பார்த்து, கோட்டைத் தாண்டினால் எல்லா மருந்தையும் ஒருசேர ஆரம்பிப்பது, அவ்வளவுதான். மோசமான இரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபத்தும் 60 சதவீதம் குறைந்தன. எங்களிடம் அந்த விரிப்பு கிடையாது. ஒருத்தியின் மாமனார் கோப்பி நிறுக்கிற தொங்கு தராசைக் கொடுத்தார். துணியை உலர்ந்தபோது நிறுத்து, நனைந்தபிறகு நிறுத்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்குப் போட வைத்தேன். தராசைப் பார்த்ததும் எனக்கு நம் தோட்டத்துக் கணக்குப் பார்த்த கிராணி ஞாபகம். பால் நிறுக்கும்போது விரலை எங்கே வைப்பான் என்று அவர்களுக்கு நடித்தும் காட்டினேன்.

2016ல் எடுத்த கணக்குப்படி அங்கே லட்சம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 195 தாய்மார் சாகிறார்கள். அதைச் சொல்லி அவர்கள் தலைகுனிந்தபோது, 1957ல் எங்கள் நாட்டில் 280க்கு மேல் என்றேன். நம்பவில்லை. மலேசியா என்றால் பிறந்ததிலிருந்தே இரட்டைக் கோபுரத்தோடு நின்றது என்று நினைப்பு.

இனி அந்த இரவு. ஜூலையில். பிழைத்துவிட்டாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே.

ஐந்தாவது பிள்ளை, வீட்டிலேயே பெற்றாள். மூங்கிலில் கைலியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்திருந்தது, கர்ப்பப்பை மட்டும் கல் மாதிரி இறுகாமல் பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. கர்ப்பப்பையை இறுக்குகிற ஊசி, ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் போட்டோம். ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் போட்டோம், இல்லை. அதே வேலை செய்கிற மிசோபிரோஸ்டால் நாலு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு நான் கையை உள்ளே விட்டு அமுக்கினேன். எத்தனை தடவை செய்திருப்போம், விஜி. பத்து நிமிசம்கூட ஆகவில்லை, என் கட்டைவிரல் செத்துப்போச்சு. இந்த மூட்டுவலி. கை அங்கேதான் இருக்கிறது, பிடி இல்லை. பக்கத்தில் நின்றவள், வகுப்பில் வாயே திறக்காத பெண், "இபு (அம்மா), நீங்கள் எடுங்கள்" என்று சொல்லி என்னை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தாள். வண்டியில் ஏற்றி, அந்த ரோட்டில், பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் கையை எடுக்கவே இல்லை. பாடம் நடத்தப் போன நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில்தான் எனக்குத் தோன்றியது, போய் பிரிட்ஜைத் திறந்தேன். ஆக்சிடோசினை 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் நாளாக ஆக அது வெறும் தண்ணீர். உள்ளே 19. மேல்தட்டில் மருந்து, அதன் பக்கத்தில் இரண்டு மீன், யாருடையதோ சோடா பாட்டில். மத்தியானம் மின்சாரம் போகிறது, போனபிறகும் ஆளாளுக்குக் கதவைத் திறக்கிறார்கள். அன்றைக்கு மருந்துதான் செத்திருந்ததா, அவள் கர்ப்பப்பைக்கே திராணி இல்லையா, அதை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதமாக ஊசியை எந்தக் கோணத்தில் போடுவது என்று 14 பேருக்கு வகுப்பெடுத்தவள் ஒரு தடவைகூட அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லையே. அங்கே யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீனை மட்டும் வெளியே எறிந்தேன். அது ஜெனரேட்டர் பார்க்கிறவருடைய மீன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உன்னிடம் சொல்ல வந்தது இதுவும் இல்லை.

அன்றைக்கு வண்டியில் ஒரு கிழவியும் வந்தாள். மலைமேல் பிரசவம் பார்க்கிறவள், படிப்புக் கிடையாது, வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. அவள்தான் இரத்தத்தைப் பார்த்துவிட்டு "கீழே தூக்குங்கள்" என்று சொன்னது. வழி முழுக்க அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் தட்டித் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே வந்தாள், தூங்க விடவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் கிளினிக் வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே அவளுக்கு அனுமதி இல்லை, அது அங்கே சட்டமாட்டம். அவள் உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததும், முதுகைத் தூணில் சாய்த்து ஒரு காலை மட்டும் மடக்கி, எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

மாரியாயி. நம் தோட்டத்தில் பிரசவம் பார்த்தவள். 

1986, பிப்ரவரி. நீ 1966ஆம் வருச மருத்துவச்சிச் சட்டத்தை மலாயில் கடகடவென்று வாசித்தாய், அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நான் மைப்பெட்டியை நீட்டினேன். இனிப் பிரசவம் பார்ப்பதில்லை என்று கைநாட்டு வைத்துவிட்டு, "மிஸ்ஸி, உன்னை வெளியே எடுத்ததும் நான்தான்" என்றாள். நாம் திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அந்த வருசம் மேல் லயத்து வீடுகளில் இரண்டு சிசு ரணஜன்னியில் வாய் இறுகிச் செத்தது, தொப்புளில் சாம்பல் வைத்தது அவள்தான். மறக்கவில்லை, நானும்தானே அந்தப் பிள்ளைகளைத் தூக்கினேன். அவள் பிரசவம் பார்ப்பதை நாம் நிறுத்தியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பத்து மருத்துவச்சிகளை, அந்தப் பிடான்களைக் கூப்பிட்டு, பதிவு பண்ணி, கை கழுவச் சொல்லிக் கொடுத்து, தாய்மாரைக் கிளினிக்குக்குக் கூட்டி வரும் வேலையைக் கொடுத்ததும் இதே நாடுதானே. நாம் அதைச் சொல்லியிருக்கலாம், அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கலாம். நமக்கு இருபத்துநாலு வயசு, வெள்ளைச் சட்டை புதுசு.

அந்தக் கிழவிக்கு நான் ஒரு ஸ்டூல் போட்டேன், பிரசவ அறையில், தலைமாட்டில். சண்டை பிடித்துத்தான். பெரிய மனசெல்லாம் இல்லை, அவள் வந்தால் பெண்கள் வருவார்கள் என்கிற கணக்கு. அவளோடு வந்தவர்கள் ஒரு நாளாவது தங்கினார்கள். பிள்ளை பெற்றவளை நெருப்புக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார வைக்கும் பழக்கம் அங்கே, "தூர் அஹி" என்பார்கள். புகை பிள்ளைக்கு ஆகாது என்று நானும், பச்சை உடம்புக்குச் சூடு வேண்டும் என்று அவளும் வாதாடி, கடைசியில் வெந்நீர்க் குளியல் மட்டும் என்று முடிந்தது. பூண்டும் காயமும் ஒரு மூடி பிராந்தியும் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தவள் நான், அவளுக்கு என்ன புத்தி சொல்வது?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாரியாயியின் பித்தளைப் பெட்டி, கத்தரிக்கோல் வைத்திருந்தது, நீ ஊக்குப் போட்டு வைக்க எடுத்துக்கொண்டாயே, அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா? லயமெல்லாம் இடித்துத் தாமான் குடியிருப்பு ஆகிவிட்டது. அவள் பேத்தி மட்டும் இங்கே பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் புட்டு மாயம் விற்கிறாள். வியாழக்கிழமை வாங்கினேன். யாரென்று நான் சொல்லவில்லை. பெட்டி கிடைத்தால் சொல்வேன். இல்லாவிட்டால் சொல்ல மாட்டேன் என்று நினைக்கிறேன், தைரியம் இல்லை.

பிப்ரவரியில் அடுத்த குழுவுக்கு வரச் சொல்கிறார்கள். மருமகளுக்கு மார்ச்சில் நாள். மகன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஓடுவீங்க" என்று. நீ வருகிறாயா? உன் கட்டைவிரல் நன்றாகத்தானே இருக்கிறது, முறுக்குப் பிழிகிறாயே.

ஒன்று விட்டுப்போச்சு. அந்த வாய் திறக்காத பெண் தினமும் காலையில் பிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். 5, 4, 6 என்று. "நீங்கள் செப்டம்பரில் போய்விடுவீர்கள்" என்று அங்கே ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார், அது மனசில் அறுத்துக்கொண்டே இருந்ததால் இந்த ஏற்பாடு. ஒன்பது நாளாகப் படம் வரவில்லை. நீ தீபாவளிக்கு அடுத்தடுத்து எனக்கு அடித்தபோதெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு அதற்குத்தான் உட்கார்ந்திருந்தேன். மருந்து தீர்ந்ததோ, வேலையை விட்டாளோ, என்ன என்று கேட்கவும் பயம்.

உன் லெட்சுமி

பி.கு. உறையை ஒட்டப்போகும்போது வந்துவிட்டது. போன் உடைந்துபோச்சாம். 6 டிகிரி. கீழ்த்தட்டில் வாழை இலையில் என்னவோ சுற்றி வைத்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தேன். வால் தெரிகிறது.