சூரிய மண்டல இயந்திர மாதிரி: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் நம் கோயில் நூலகக் கூடத்துக்கென்று செய்யக் கொடுத்திருந்த பித்தளை மாதிரி முடிந்து, கூடத்தில் வைத்தாகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் புதன் முதல் சனி வரை ஆறு கோள்களும் சூரியனைச் சுற்றி வரும். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், யாரும் வந்து பார்க்கலாம். பல்சக்கரச் செலவு ஏன் கூடியது என்று பலர் கேட்டதால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஜோடிச் சக்கரங்களின் பல் எண்ணிக்கையில் பெரியதைச் சிறியதால் வகுத்தால், அந்தக் கோள் சூரியனை ஒருமுறை சுற்ற ஆகும் ஆண்டுக் கணக்கு வர வேண்டும். செவ்வாய்க்கு 8 பல், 15 பல் என்று ஒரு ஜோடி போதும் என்றுதான் பட்டறையில் முதலில் சொன்னார்கள். வெட்டுவதும் சுலபம். ஆனால் அந்த ஜோடியில் பத்து ஆண்டுக் கணக்கு ஓட்டினாலே செவ்வாய் 6 பாகை விலகி நிற்கும், பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்க வருகிறவர்களுக்கு அது உதவாது. அதனால் 42, 79 என்று வெட்டச் சொன்னோம். நூறு ஆண்டு ஓட்டினாலும் பிசகு ஒன்றரைப் பாகைக்குள்தான். சனிக்கு 7, 206. இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை, 1680-களில் ஹாலந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதேபோலத் தாம் வடிவமைத்த கோள் இயந்திரத்துக்குக் கணக்கிட்டு எடுத்த எண்கள். 206-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29.43 ஆண்டு வரும், சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருப்பது இதிலிருந்துதான். பூமி ஒரு சுற்று வரக் கைப்பிடியை 12 முறை சுற்ற வேண்டும், சனிக்கோ 350-க்கும் மேல். பிள்ளைகள் கை வலிக்கச் சுற்றிவிட்டு "சனி நகரவே இல்லையே" என்று கேட்கும்போதுதான் அந்தக் கோளின் மந்தம் அவர்களுக்குப் புரிகிறது.

ராகு கேது எங்கே என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள், நல்ல கேள்வி. நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான் ராகுவும் கேதுவும். பூமியைச் சுற்றிச் சாய்வாக ஒரு வளையம் பொருத்தி அவற்றைக் காட்டியிருக்கிறோம். அவை 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருவதால், திசையைத் திருப்ப இடையில் ஒரு சக்கரம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் விழுந்தால் கிரகணம். இதைக் கையாலேயே சுற்றிப் பார்க்கலாம் என்பதற்காகவே அந்தச் செலவு தகும் என்று குழு முடிவு செய்தது.

தூரங்கள் அளவுக்கு ஏற்றவை அல்ல. பூமியை ஒரு சாண் தள்ளி வைத்தால் சனியை ஒன்பதரைச் சாணில் வைக்க வேண்டும், கூடத்தில் அதற்கு இடமில்லை.

அப்புறம், கடல் காற்றில் பித்தளை சீக்கிரம் களிம்பேறும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பற்களுக்கிடையில் தங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் விடுவதைப் பட்டறைக்காரரே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு