ஃபாக்ஸ் 35 வேண்டாம், சொக்கு

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

பொங்கலுக்கு வந்த கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. ஆச்சிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மூத்தவனுக்குப் பெண் பார்ப்பதும் அப்படியே. உங்கள் வீட்டுப் பின்கட்டு ஓடு இந்த மழையையும் தாங்கிவிட்டது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

விஷயம் வேறு. மகள் வயிற்றுப் பேத்தி விடுமுறைக்கு வந்தவள், அலமாரியைக் குடைந்து நம் பழைய கைப்பிடியை எடுத்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு கம்பி போகும், அதன் நுனியில் விமானம் நம்மைச் சுற்றிப் பறக்கும் என்று சொன்னேன். அப்புறம் வீட்டில் வேறு பேச்சு இல்லை. அவளுக்காக ஒன்று கட்டுகிறேன்: 32 அங்குல இறக்கை, பலகை உடம்பு, எல்லாம் பால்சா என்கிற லேசான மரம். எஞ்சின் போகச் சுமார் 300 கிராம் வருகிறது. நீ உடனே ஃபோனில், "என் பழைய எஞ்சின் ஃபாக்ஸ் 35 சும்மா கிடக்கிறது, அனுப்புகிறேன்" என்றாய். தயவுசெய்து அனுப்பாதே.

ஃபாக்ஸை நான் குறைசொல்லவில்லை. 1940களின் கடைசியில் வந்த எஞ்சின். மட்டமாகப் பறக்கையில் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டு சோம்பலாகப் போகும், மூக்கைத் தூக்கியதும் தானே சுதாரித்துப் பலம் கூட்டும். அந்தக் குரல் மாறுவதைக் கேட்கவே பொட்டலுக்குப் போனவர்கள் நாம். ஆனால் அது 5.8 சி.சி. எஞ்சின். மப்ளர் இல்லாமலே 180 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை இதன் மூக்கில் வைத்தால், சமன்செய்ய வாலில் ஈயம் கட்ட வேண்டும். ஈயத்தையும் சேர்த்துத் தூக்க இறக்கை திணறும், அதற்காக வேகம் கூட்ட வேண்டும், கூட்டினால் கம்பி இழுப்பும் கூடும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தோளுக்கு அது வேண்டாம். 45 அங்குல விமானம் ஒன்று கட்டினால் ஃபாக்ஸுக்கு மரியாதை செய்வேன்.

சின்னதே போதும் என்று ஒரு சி.சி.க்கும் குறைவான 049 எஞ்சின் வாங்கலாமா என்றால், அது காற்றில்லாத ஊருக்கு. அது பறக்கவைக்கும் அரைக்கால் கிலோவை ஒட்டிய விமானம் கம்பியை இழுப்பதே அரைக் கிலோவுக்குள்தான். நம் பொட்டலில் காற்று ஒரு பக்கம் தள்ளியதும் கம்பி தளரும். தளர்ந்த கம்பியில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டர் யார் பேச்சையும் கேட்காது. ஆடியில் அம்மியே பறக்கிற ஊரில் அதை நம்ப முடியாது. நம் விமானத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எஞ்சினோடு 450 கிராம் எடை, 13 மீட்டர் கம்பி, நொடிக்கு 20 மீட்டர் வேகம். இழுப்பு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சுற்றுக்கு நான்கு நொடி. அவளுக்குத் தலைசுற்றாது, கம்பியும் தளராது. இதற்குத் தோதானது 1.5 சி.சி. எஞ்சின்.

உனக்கு நினைவிருக்கும், என்னிடம் மேக்கிள்ஸ்ஃபீல்டில் செய்த பி.ஏ.டபிள்யூ. 1.49 டீசல் இருக்கிறது. பிளக் இல்லை, பேட்டரி இல்லை. தலையில் உள்ள திருகை இறுக்கி, புரொப்பெல்லரைச் சுண்டினால் பிடித்துக்கொள்ளும். எடையும் ஃபாக்ஸில் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். என் மனசு அதில்தான் இருந்தது. ஆனால் அதன் சாப்பாடு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். இந்த மூன்றில் விளக்கெண்ணெய் மட்டுமே கேட்டவுடன் கிடைக்கிறது. ஈதருக்குக் கொதிநிலை 34.6 டிகிரி; இங்கே இப்போது பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடுகிறது. புட்டியைத் திறந்தால் எஞ்சினுக்கு முன் வானம் குடித்துவிடும். மிஞ்சியதை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால், உள்ளே ஒரு பொறி போதும், வெடிப்பது முகப்பு வரைக்கும் தெரியும்.

அப்படியானால் ஃபாக்ஸ் மாதிரி, பழுத்த கம்பிச்சுருளால் எரியூட்டும் குளோ பிளக் எஞ்சின்தானே என்பாய். அதற்கு மெத்தனால் வேண்டும். மதுரையில் ஒரு ரசாயனக் கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உரிமம் இருக்கிறதா ஐயா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் கோபம் வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தானே. பிழைத்தவர்களில் கண் போனவர்களும் உண்டு. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருப்பதைப் பிள்ளைகள் புழங்கும் வளவில் ஒரு கேன் வைத்துக்கொண்டு நான் தூங்க மாட்டேன், சொக்கு. நாம் என்.சி.சி.யில் இருந்தபோது அதைக் கையில் ஊற்றித் துடைத்துக்கொண்டு திரிந்தோம், நல்லகாலம்.

ஆகவே மின் மோட்டார். சிரித்து முடி, காத்திருக்கிறேன். மிக்ஸி என்பாய், தெரியும். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு பேட்டரியைப் பழிக்கலாமா? மூன்று செல் லித்தியம் பாலிமர், 1300 மில்லி ஆம்பியர் மணி, எடை 110 கிராம் போல. டைமர் நாலரை நிமிடத்தில் நிறுத்திவிடும். ஆத்தங்குடித் தரையில் எண்ணெய்க் கறை விழாது, ஆச்சி வாயும் திறக்காது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

இன்னொரு சௌகரியமும் உண்டு. சாதாரண எஞ்சின் சுழலும் திசையில் அதன் எதிர்விசை விமானத்தை நம் பக்கம் சாய்க்கும். கிளம்பும்போது கம்பி தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். மோட்டாரில் மூன்று வயரில் இரண்டை மாற்றிப்போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும், விமானம் வெளிப்பக்கம் சாய்ந்து கம்பியை விறைப்பாக வைக்கும். அதற்கு இடப்புறம் சுழலும் புரொப்பெல்லர் வேண்டும், அவ்வளவுதான். ஃபாக்ஸின் குரல் இதில் வராது, அந்தக் குறை எனக்கும் இருக்கிறது.

உன் மருமகன் மாதக் கடைசியில் வருகிறானாமே. அவனிடம் 0.012 அங்குல முறுக்குக் கம்பி ஒரு சுருளும், எட்டு அங்குல இடச்சுழல் புரொப்பெல்லர் நான்கும் கொடுத்தனுப்பு. நான்கு கேட்பது ஏன் என்று உனக்கே தெரியும், பேத்தியிடம் சொல்லாதே. பணத்தை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். போன தடவை மாதிரி வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் ஆச்சியிடம் பேசச் சொல்வேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி