ஈரத்தைப் பார்த்து விலை போடுங்கள்

ஆசிரியருக்கு,

கவாத்தில் வெட்டிக் கழிக்கும் குச்சிகளை வரப்பில் கொளுத்தாமல் ஆலை பாய்லருக்கு எரிபொருளாக விற்கலாம் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்படுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் வாங்குகிற இடத்தில் வெறும் டன் கணக்கில் விலை போட்டால் அது நிலைக்காது.

வெட்டிய அன்று மல்பெரி, திராட்சைக் குச்சியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அப்படியே எரித்தால் கிலோவுக்குச் சுமார் 1,950 கிலோ கலோரிதான் தேறும். ஈரம் 15 சதவீதத்துக்கு இறங்கினால் 3,700 வரை கிடைக்கும். 1,000 கிலோ பச்சைக் குச்சி காய்ந்தால் 588 கிலோதான். ஆனால் அது தரும் மொத்த வெப்பம் முன்பைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். டன் விலையிலோ காயவைத்தவருக்கு 412 கிலோ நட்டம், பச்சையாக ஏற்றி வந்தவருக்குத் தண்ணீருக்கும் காசு. பிறகு யார் காயவைப்பார்?

ஈரத்தை அளப்பது பெரிய வித்தையல்ல. லோடின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த குச்சிகளை நறுக்கி, ஒரு கிலோவை 105 டிகிரி அடுப்பில் எடை இறங்காமல் நிற்கும்வரை வைத்தால் போதும். அதில் எவ்வளவு எடை குறைந்ததோ அதுதான் ஈரம். ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர் மேல்பரப்பைத்தான் சொல்லும். அதை மட்டும் நம்பக் கூடாது.

குச்சியாகவே கட்டி, நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். இலை தோட்டத்திலேயே உதிரட்டும். சாம்பலைக் கூட்டுவது அதுதான், மண்ணுக்கு உரமாவதும் அதுதான். பச்சையில் சில்லாக்கி (சிறு துண்டுகளாக நறுக்கி) குவித்தால் உள்ளே புழுங்கிச் சூடேறும், எரியும் சத்து போகும், சில நேரம் தானே தீப்பிடிக்கும். காய்ந்தபின் சில்லாக்குவதில் பிளேடு சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மை. ஆனாலும் அதுவே மேல். (முருங்கையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காய்ந்தால் வெறும் தக்கை.)

தரையில் இழுத்து வாரும்போது ஒட்டும் மண்ணும் எடையில் ஏறிவிடுகிறது. அதிலுள்ள மணல், சாம்பலின் பொட்டாசியத்தோடு உருகிக் கட்டியாகிக் பாய்லரின் கிரேட்டில் (எரிபொருள் எரியும் கம்பித் தட்டில்) காற்று வழியை அடைக்கும். பந்தல் கம்பி ஒரு துண்டு போதும், சில்லு இயந்திரத்தின் பிளேடு போச்சு. பிவிசி குழாய்த் துண்டு எரிந்தால் அமிலப் புகை பாய்லர் குழாயை அரிக்கும். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடித்த திராட்சைக் குச்சியின் சாம்பலில் தாமிரம் சேர்ந்திருக்கும். அதைத் திரும்பத் திரும்ப அதே தோட்டத்தில் கொட்டக் கூடாது.

ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் எத்தனை கிலோ பிடித்தம், 15-க்குக் கீழ் இருந்தால் எவ்வளவு கூடுதல் என்பதை எடை மேடையிலேயே பலகையில் எழுதி வையுங்கள்.

வாசகர்,
தேனி மாவட்டம்